இரண்டு விரல்களால் ஒரு சிரிப்பு

நடிப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது 1919ஆம் ஆண்டு வந்த ஓர் ஊமைப்படத்தை என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதில் ஒரு பெண் தன் உதட்டு ஓரங்களை இரண்டு விரல்களால் உயர்த்திச் சிரிப்பாள் என்றும், நடிப்பு என்றால் என்ன என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது என்றும் சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பதில்கள் எல்லாம் லில்லியன் கிஷ் அவர்களைப் பற்றியவை.

*அம்மா, அந்த நடிகையின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. எந்த ஊர்? எப்படி நடிக்க வந்தார்?*
வாசகி, கும்பகோணம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 1893 அக்டோபர் 14ஆம் தேதி பிறந்தவர். தங்கை டோரதி 1898இல் பிறந்தார். அப்பா குடும்பத்தை விட்டு விலகிப் போய்விட, இரண்டு பெண் குழந்தைகளையும் காப்பாற்றும் பொறுப்பு அம்மா மேரியின் தலையில் விழுந்தது. அவர் மேடையில் சிறு வேடங்களில் நடித்தார். அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நடிப்பு அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

1902இல், ஒஹாயோவிலேயே ரைசிங்சன் என்ற சிற்றூரில், எட்டு வயது லில்லியன் முதன்முதலாக மேடை ஏறினார். அந்த நாடகத்தில் ஒரு வெடி வெடிக்கும். யாரும் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் பயந்து உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது குழந்தை. பிறகு வருடக்கணக்காக ஊர் ஊராகப் பயணம். ஓர் ஊரில் ஓர் இரவு, மறுநாள் ரயில், அடுத்த ஊர். எந்தக் குழுவுக்குக் குழந்தை வேடம் தேவையோ அந்தக் குழுவோடு போக வேண்டும். சில சமயம் அம்மாவும் தங்கையும் வேறொரு குழுவில், வேறொரு ஊரில் இருப்பார்கள். ரயில் நிலைய பெஞ்சுகளில் தூங்கிய இரவுகளைப் பற்றி லில்லியன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குழந்தைகளை மேடையேற்றுகிறார்களா என்று கண்காணித்த சங்கத்தாரின் கண்ணில் படாமலிருக்க, நீளப் பாவாடையும் உயர்ந்த குதிகால் செருப்பும் போட்டுப் பெரிய பெண்ணைப் போல நடக்கப் பழக்கினார்களாம். 1905இல், புகழ்பெற்ற பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்னார் நியூயார்க்கில் நடித்தபோது அந்த மேடையில் ஆடிய சிறுமிகளில் லில்லியனும் ஒருவர்.

பள்ளிக்கூடம் அவருக்கு விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. காய்ச்சலானாலும் திரை உயர்ந்துவிட்டால் நடித்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் ஒரு நாளும் விடாமல் கிடைத்தது. அவருடைய திரை வாழ்க்கையில் நாம் வியக்கும் எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பத்து வருடங்களில் இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

*மேடையிலிருந்து சினிமாவுக்கு யார் அழைத்து வந்தார்கள்?*
வாசகர், திருநெல்வேலி

ஒரு தோழிதான். நாடகக் குழந்தைகளாக நியூயார்க்கில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் ஒன்று ஸ்மித் குடும்பம். அதில் கிளாடிஸ் என்ற பெண். 1912இல் ஒரு படத்தில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'கிளாடிஸ் ஸ்மித் இருக்கிறாளா?' என்று கேட்டுக்கொண்டு கிஷ் சகோதரிகள் பதினான்காம் தெருவில் இருந்த பயோகிராஃப் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே அவள் பெயர் மேரி பிக்ஃபோர்ட் ஆகியிருந்தது. மேரிதான் இருவரையும் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்துக்கு அறிமுகப்படுத்தினார்.

கிரிஃபித் அவர்களைத் தேர்வு செய்த விதம் கொடூரமானது. யார் லில்லியன், யார் டோரதி என்று குழம்பாமலிருக்க ஒருத்திக்கு நீல ரிப்பன், மற்றவளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னார். பெயர் சொல்லி அழைக்காமல் நீலம், சிவப்பு என்றே கூப்பிட்டு, பயப்படு, அழு, தங்கையைக் கட்டிக்கொள் என்று கட்டளையிட்டார். திடீரென்று துப்பாக்கியை எடுத்துக் கூரையை நோக்கிச் சுட்டபடி அறை முழுக்கத் துரத்தினார். இருவரும் உண்மையாகவே நடுங்கினார்கள். அந்த நடுக்கம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. 'அன் அன்சீன் எனிமி' என்ற அவர்களுடைய முதல் படம் அந்த ஆண்டே வெளிவந்தது. பிள்ளைகளை மிரட்டி நடிப்பு வாங்குவதை நான் என் வகுப்பில் ஒருபோதும் அனுமதித்ததில்லை. கிரிஃபித்தின் மேதைமையை ஒப்புக்கொண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

*விரலால் உதட்டை உயர்த்திச் சிரிப்பது இயக்குநரின் யோசனையா, நடிகையின் யோசனையா?*
நாடக ஆசிரியர், தஞ்சாவூர்

நடிகையின் யோசனை என்றுதான் லில்லியன் எழுதியிருக்கிறார். அதை நம்புகிறேன், ஏனென்றால் தன் முகத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

படம் 'புரோக்கன் பிளாசம்ஸ்'. லண்டனில் லைம்ஹவுஸ் என்ற துறைமுகச் சேரி. லூசி என்ற சிறுமி. அவளுடைய அப்பா குத்துச்சண்டைக்காரர், குடித்துவிட்டு அடிப்பவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, 'சிரித்த முகமாக இருக்க முடியாதா உன்னால்?' என்று அதட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் சிரித்தே பழக்கமில்லாத முகம் அது. மெல்லக் கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலையும் நடு விரலையும் பிரித்து, உதட்டின் இரண்டு ஓரங்களையும் மேலே தள்ளுகிறாள். விரலை எடுத்ததும் உதடு பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இதை உங்கள் மாணவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். விரல் உதட்டை உயர்த்தியதும் கன்னம் ஏறும், கன்னம் ஏறியதும் கண்ணும் கூடவே சிரித்துவிடும். என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகிறது. லில்லியனின் கண்கள் சிரிக்காது. அவை அப்பாவின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும், அடி எப்போது விழும் என்று. வாயும் கண்ணும் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தமானவை போல இருக்கும். ஒரு மாணவிக்கு இது கைவர மூன்று வாரம் பிடித்தது. கைவந்த அன்று வகுப்பில் யாரும் பேசவில்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி. அப்பாவுக்குப் பயந்து லூசி ஒரு சிறிய அலமாரி அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொள்கிறாள். வெளியே அவர் கோடரியால் கதவைப் பிளக்கிறார். உள்ளே ஓர் ஆள் நிற்க மட்டுமே இடம். அவள் சுற்றிச் சுற்றிச் சுழல்கிறாள், சுவரில் மோதுகிறாள், மறுபடி சுழல்கிறாள். வலையில் விழுந்த விலங்கு வெளியேற வழி தேடுவதைப் போல. அந்தச் சுழற்சியை லில்லியன் ஒத்திகையில் காட்டவில்லை. படப்பிடிப்பின்போதுதான் செய்தார். கிரிஃபித் அதிர்ந்துபோய், இப்படிச் செய்யப் போவதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். ஊமைப்படம், ஆனாலும் அந்த அலறல் என் காதில் கேட்கிறது.

இவ்வளவையும் 18 நாளில் எடுத்து முடித்தார்கள். 1918ஆம் ஆண்டின் ஸ்பானிய விஷக் காய்ச்சலிலிருந்து லில்லியன் அப்போதுதான் எழுந்திருந்தார். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். லூசிமீது அன்பு காட்டும் சீன இளைஞனின் வேடத்தை வெள்ளைக்காரரான ரிச்சர்ட் பார்தெல்மெஸ் கண்ணை இடுக்கிக்கொண்டு நடித்திருப்பார். இன்று அதைப் பார்க்க மனம் கூசுகிறது.

*ஒரு படத்தில் அவர் உண்மையான பனிக்கட்டியின்மீது மிதந்தார் என்கிறார்களே, நம்பலாமா?*
வாசகர், சேலம்

நம்பலாம். 1920இல் வந்த 'வே டவுன் ஈஸ்ட்'. போலித் திருமணத்தில் ஏமாற்றப்பட்ட ஒரு பெண், குழந்தையையும் பறிகொடுத்து, ஒரு பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். பழைய கதை தெரிந்ததும் அவளைப் பனிப்புயலில் வெளியே துரத்துகிறார்கள். உறைந்த ஆறு உடைந்து ஓட, ஒரு பனிப்பாளத்தின்மீது மயங்கிக் கிடந்தபடி அவள் அருவியை நோக்கி அடித்துச் செல்லப்படுகிறாள்.

பனிப்புயலை நியூயார்க்கை அடுத்த மமரோனெக்கில் எடுத்தார்கள். உண்மையான புயல் வருவதற்குக் காத்திருந்து எடுத்தது. காற்றில் கேமரா சாயாமலிருக்க ஆட்கள் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லில்லியனின் இமைமயிரில் பனி உறைந்து தொங்கியது. கிரிஃபித் அதைக் கண்டதும், முகத்தை எடு, முகத்தை எடு என்று ஒளிப்பதிவாளர் பில்லி பிட்சரை நோக்கிக் கத்தினாராம். ஆற்றுக் காட்சிகளுக்கு வெர்மான்ட் மாநிலத்து வைட் ரிவர் ஜங்ஷனுக்குப் போனார்கள். அங்கே பனிப்பாளத்தில் படுத்திருக்கும்போது, தன் கையும் கூந்தலும் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போகட்டும் என்று யோசனை சொன்னவர் லில்லியனேதான். கூந்தல் உறைந்தது. கை நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தது. நாள் ஒன்றுக்கு இருபது தடவையாவது அந்தப் பனியில் படுத்ததாக அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கையின் விரல்களில் நரம்புப் பாதிப்பு கடைசிவரை இருந்தது.

மெலிந்த உடம்பு, பெரிய கண்கள், கொடி போன்ற தோற்றம் என்று அவரை வருணிப்பவர்கள் இந்தக் கையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

*கறுப்பின மக்களை இழிவுபடுத்திய படத்தில் நடித்தவரை நீங்கள் இப்படிப் போற்றலாமா?*
ஆராய்ச்சி மாணவர், புதுச்சேரி

கேட்க வேண்டிய கேள்வி. 1915இல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். அதில் லில்லியன், வட மாநில அரசியல்வாதி ஒருவரின் மகள் எல்சி ஸ்டோன்மனாக நடித்தார். கலப்பினத் தலைவன் ஒருவன் அவளைப் பலவந்தமாக மணக்க முயல்கிறான். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முகமூடி போட்ட குதிரைப்படை வந்து அவளைக் காப்பாற்றுகிறது. கறுப்பர் வேடங்களில் முக்கியமானவற்றை முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் நடித்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அப்போதே பல நகரங்களில் போராடியது. அதே 1915ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜியாவில் கிளான் மறுபடி தொடங்கப்பட்டது, இந்தப் படம் கொடுத்த தைரியத்தில். அடுத்த பல ஆண்டுகள் ஆள் சேர்க்க இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டினார்கள்.

படம் எடுக்கும்போது லில்லியனுக்கு இருபது, இருபத்தொரு வயது. அந்த வயதை நான் சாக்காகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எண்பது வயதிலும் அவர் கிரிஃபித்துக்காக வாதாடினார். குருவின் கலையைப் பாதுகாக்க வேண்டும் என்ற விசுவாசம், அந்தக் கலை யாரை மிதித்தது என்பதைப் பார்க்க விடாமல் அவருடைய கண்ணை மறைத்துவிட்டது. 2019இல் ஒஹாயோவில் உள்ள பௌலிங் கிரீன் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்கள் கேட்டதன்பேரில், தன் திரையரங்குக்கு வைத்திருந்த கிஷ் சகோதரிகளின் பெயரை நீக்கியது. பல பெரிய நடிகர்களும் இயக்குநர்களும் எதிர்த்தார்கள். எனக்கு அந்த மாணவர்களின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. தினமும் அந்தப் பெயரின் கீழ் நுழைய வேண்டியவர்கள் அவர்கள். லூசியின் விரல்களை நான் தொடர்ந்து சொல்லிக்கொடுப்பேன். எல்சியைப் பற்றியும் அதே வகுப்பில் சொல்கிறேன்.

*அவர் படம் இயக்கியதுண்டா?*
வாசகி, ஈரோடு

ஒரே ஒரு படம். 1920இல் வந்த 'ரீமாடலிங் ஹெர் ஹஸ்பண்ட்'. தங்கை டோரதிதான் கதாநாயகி. கிரிஃபித் வெளியூர் போயிருந்தபோது மமரோனெக் ஸ்டுடியோவைச் சீர்ப்படுத்தும் பொறுப்பையும் லில்லியன் தலையில் வைத்துவிட்டுப் போனார். ஸ்டுடியோ வேலையையும் பார்த்து, படத்தையும் முடித்தார். ஒரு பிரதிகூட இன்று மிஞ்சவில்லை. உலகம் இழந்த ஊமைப்படங்களில் நான் பார்க்க ஆசைப்படும் முதல் படம் அதுதான்.

*திருமணம்?*
வாசகர், கரூர்

செய்துகொள்ளவில்லை. அம்மாவையும் தங்கையையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். 'தி ஸ்கார்லெட் லெட்டர்' படப்பிடிப்பின்போது அம்மா லண்டனில் பக்கவாதத்தில் விழுந்தார் என்று செய்தி வந்ததும், படக்குழு முழுவதும் அவருக்காக இரவு பகலாக உழைத்து மீதிக் காட்சிகளை முடித்துக் கப்பலேற்றி அனுப்பியது.

*இவ்வளவு பெரிய நடிகையை ஹாலிவுட் ஏன் கைவிட்டது? பேசும் படம் வந்ததாலா?*
வாசகர், கோயம்புத்தூர்

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். பேச வராதவர் என்றால் சரி. பத்து வருடம் மேடையில் பேசி வளர்ந்தவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

நடந்தது வேறு. 1920களின் நடுவில் அவர் எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் படநிறுவனத்துக்குப் போனார். 'லா போஹேம்' படத்தில் காச நோயில் சாகும் மிமி. மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல், எச்சில் ஊறாதபடி வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, வறண்டு வெடித்த உதடுகளோடு படப்பிடிப்புக்கு வந்தார். மூச்சு அசைவதே தெரியாமல் அவர் கிடந்ததைப் பார்த்து, உண்மையாகவே இறந்துவிட்டாரோ என்று இயக்குநர் கிங் விடோர் பயந்துவிட்டார்.

பிறகு 'தி விண்ட்'. சுவீடன் நாட்டு இயக்குநர் விக்டர் சியோஸ்ட்ரோம் எடுத்தது. மொஹாவி பாலைவனத்தில் எட்டு விமான இயந்திரங்களை வைத்து முகத்தில் மணலை வீசினார்கள். வெயில் ஐம்பது டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஃபிலிம் உருகாமலிருக்க அதைக் குளிரூட்டி வைத்தார்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்ட லில்லியனின் உள்ளங்கைத் தோல் வெந்துபோனது. காற்று ஒரு பெண்ணின் புத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதை அவர் அந்தப் படத்தில் காட்டியதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. படம் 1928 கடைசியில் வெளிவந்தபோது ஊரெல்லாம் பேசும் படத்தைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

அதோடு ரசனையும் மாறிவிட்டிருந்தது. கிரேட்டா கார்போ போன்ற கவர்ச்சி நடிகைகளைத் தேடினார்கள். எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர் லில்லியனிடம், உன்னைப் பற்றி ஒரு வதந்தியை நாங்களே கிளப்பிவிடுகிறோம், அப்போதுதான் மக்கள் உன்மேல் அக்கறை காட்டுவார்கள் என்றாராம். லில்லியன் மறுத்துவிட்டு மேடைக்குத் திரும்பினார். 1930இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில், ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் 'அங்கிள் வான்யா'வில் எலேனா. 1936இல் ஆங்கில நடிகர் ஜான் கீல்குட் ஹாம்லெட்டாக நடிக்க, நாற்பத்து மூன்று வயதில் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா. 1940இல் சிகாகோவில் 'லைஃப் வித் ஃபாதர்' நாடகம், தொடர்ந்து 66 வாரம்! எட்டு வயதில் கற்ற தொழில் அவரைக் கைவிடவில்லை.

*நானும் ஊமைப்படங்களைப் பார்க்க முயன்றேன். எல்லோரும் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். சிரிப்புத்தான் வந்தது. எப்படிப் பார்ப்பது?*
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, குற்றம் படத்தில் இல்லை. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது சட்டங்கள் என்று வேகம் மாறும். பேசும் படத்துக்கு 24 என்று நிலைபெற்றது. பழைய படத்தை 24 வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் ஓடத்தான் செய்வார்கள். வேகத்தைச் சரிசெய்து மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசியில் இல்லாமல் கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். முதல் இருபது நிமிடம் பொறுமை வேண்டும். அதற்குள் முகங்களைப் படிக்கக் கண் பழகிவிடும். 'தி விண்ட்' படத்திலிருந்து தொடங்குங்கள்.

*வயதான நடிகைகளுக்கு நல்ல வேடம் கிடைப்பதில்லையே. இவருக்கு?*
வாசகி, மதுரை

கிடைத்தது, இரண்டு மிக நல்ல வேடங்கள். 1955இல் நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்'. அநாதைக் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் ரேச்சல் கூப்பர். கொலைகாரப் போதகன் வாசலில் உட்கார்ந்து பக்திப் பாட்டுப் பாடுகிறான். உள்ளே நாற்காலியில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரேச்சல், அந்தப் பாட்டைத் தானும் சேர்ந்து பாடுகிறார். அவன் பாட்டைத் திரித்துப் பாட, இவர் அதன் உண்மையான சொற்களைப் போட்டுப் பாடுவார். துப்பாக்கிக்குப் பயந்து ஓடிய பெண்ணின் கையில் இப்போது துப்பாக்கி.

1971இல் ஆஸ்கர் அமைப்பு கௌரவ விருது கொடுத்தது. 1987இல் 'தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' வந்தபோது அவருக்கு வயது 93. மெய்ன் மாநிலக் கடலோரத் தீவு ஒன்றில் வயதான சகோதரிகள் இருவர். பார்வை போன சகோதரியாக பெட்டி டேவிஸ், லில்லியனைவிடப் பதினான்கு வயது இளையவர். டோரதி 1968இலேயே இறந்துவிட்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடிகிறது.

அதில் ஓர் இரவு. லில்லியன் நடிக்கும் சாரா என்ற மூதாட்டிக்கு அன்று திருமண நாள். கணவர் போரில் இறந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எல்லோரும் படுத்த பிறகு கணவருடைய புகைப்படத்தை எடுத்து மேசையில் வைக்கிறார். மெழுகுவர்த்தி. ஒரு வெள்ளை ரோஜா, ஒரு சிவப்பு ரோஜா. புகைப்படத்தோடு தாழ்ந்த குரலில் பேசுகிறார். திருமணமே செய்துகொள்ளாத அந்தப் பெண்மணி, நாற்பது வருடம் ஒரு மனிதரை இழந்தவராக அங்கே உட்கார்ந்திருக்கிறார். பேசிக்கொண்டே வருகிறார், ஓரிடத்தில் சொல் நின்றுவிடுகிறது. உதட்டு ஓரங்கள் தாமாக மேலே ஏறுகின்றன. இம்முறை விரல் தேவைப்படவில்லை, கண்களும் கூடவே சிரிக்கின்றன.

ஆறு வருடம் கழித்து, 1993 பிப்ரவரி 27 அன்று, நியூயார்க்கில் காலமானார். நூறு வயதுக்கு எட்டு மாதம்தான் பாக்கி.